வேலையில்லாத நாளுக்கு யார் சம்பளம் தருவது?

ஐ.டி. துறையில் ‘கான்ட்ராக்ட்’ என்று சொல்லப்படும் வேலையில் எப்போதும் மூன்று தரப்புகள் உண்டு. வேலை வாங்கும் நிறுவனம் ஒன்று. அதைக் கிளையன்ட் என்பார்கள். கணினி முன் உட்கார்ந்து வேலை செய்பவர் இன்னொருவர். இருவருக்கும் நடுவில் ஆளைச் சேர்த்துவிடும் ஏஜென்சி இருக்கிறது. வேலை தேடும் இளைஞர்களின் பேச்சில் அதற்குக் ‘கன்சல்டன்சி’ என்று பெயர். வேலை கிளையன்டின் கட்டடத்தில் நடக்கிறது, அதை மேற்பார்ப்பவர் கிளையன்டின் மேலாளர், சம்பளம் மட்டும் வேறொரு பெயரிலிருந்து வங்கிக் கணக்குக்கு வந்து சேர்கிறது. நல்ல காலத்தில் இதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. சந்தை மந்தமானதும், சம்பளம் யார் பெயரில் வருகிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

இந்த வேலைகளுக்கு இளைஞர்களை அனுப்பும் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் வட்டம் ஏரிப் பாசனமும் நெல்லும் சார்ந்த பகுதி. அங்கிருந்து செங்கல்பட்டுக்கும் காஞ்சிபுரத்துக்கும் தலா ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். ஒரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகள். இன்னொரு பக்கம் மறைமலைநகர், மகேந்திரா சிட்டி, அதைத் தாண்டி சிறுசேரியும் பழைய மகாபலிபுரம் சாலையும். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு 2010இல் வந்த கட்டணச் சலுகையும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021இல் பொறியியல் படிப்பிலும் கிடைத்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் இப்படிப்பட்ட வட்டங்களின் விவசாயக் குடும்பங்களிலிருந்து பிள்ளைகளைப் பொறியியல் கல்லூரிக்குக் கொண்டுவந்தன. கேம்பஸ் இன்டர்வியூவில் பெரிய நிறுவனத்தில் இடம் கிடைக்காதவர்களுக்கு அடுத்த வாசல் கன்சல்டன்சிதான். சாஃப்ட்வேர் சோதனை, டெஸ்க்டாப் சப்போர்ட், தரவுப் பதிவு, நெட்வொர்க் பராமரிப்பு என்று தொடங்கும் வேலைகளில் பெரும்பங்கு அந்த வாசல் வழியாகவே கிடைக்கிறது. வீட்டில் யாரும் இதற்கு முன் ஆஃபர் லெட்டர் ஒன்றைப் படித்துப் பார்த்திராததால், அதில் எழுதியிருப்பதை விளக்கிச் சொல்லவும் ஆள் இருப்பதில்லை.

கான்ட்ராக்ட் வேலை ஒரே மாதிரியானது அல்ல. ‘தேர்ட் பார்ட்டி பேரோல்’ என்றால் வேலை செய்பவர் ஏஜென்சியின் ஊழியர், பி.எஃப்., தகுதி இருந்தால் இ.எஸ்.ஐ., எல்லாம் ஏஜென்சியின் பொறுப்பு. ‘கான்ட்ராக்ட் டு ஹயர்’ என்றால் ஆறு மாதமோ ஓராண்டோ ஏஜென்சியின் பேரில் வேலை பார்த்தபின் கிளையன்ட் விரும்பினால் நிரந்தரமாக எடுத்துக்கொள்ளலாம். விரும்பினால் என்ற சொல்லில்தான் முழு எடையும் இருக்கிறது. மூன்றாவது வகை ஃப்ரீலான்ஸ். இவர் யாருடைய ஊழியரும் அல்ல. மாதாமாதம் பில் போட்டுப் பணம் வாங்கும் தனி வணிகர். வரி பிடித்தம் செய்துகொண்டு மீதியைத் தருவார்கள். பி.எஃப். கிடையாது, விடுப்புக்குச் சம்பளம் கிடையாது, நோயில் படுத்தால் வருமானம் நின்றுவிடும். ஒருவர் கையெழுத்திடும் தாள் இந்த மூன்றில் எந்த வகை என்பது தெரியாமலே பலர் வேலையில் சேர்கிறார்கள். ஊழியர் போலவே காலை ஒன்பது மணிக்கு வந்து, கிளையன்டின் மேலாளரிடம் விடுப்புக் கேட்டு, ஊழியர் போலவே நடத்தப்படும் ஒருவரை, தாளில் மட்டும் ‘கன்சல்டன்ட்’ என்று எழுதி வைக்கும் பழக்கமும் இருக்கிறது. மந்தக் காலத்தில் அது கூடுகிறது; பி.எஃப். பங்கும் பணிக்கொடையும் மிச்சமாகும் அல்லவா.

ஆள் சேர்ப்பை ஒரு பெரிய தொழிலாக இந்தியாவில் நிறுவியதில் சென்னைக்கு முக்கிய இடம் உண்டு. பின்னாளில் தமிழக அமைச்சரான கே. பாண்டியராஜன் 1992இல் சென்னையில் தொடங்கிய மா ஃபா நிறுவனம், தாராளமயம் வந்த புதிதில் நிறுவனங்களுக்கு ஆள் தேடித் தருவதில் நாடறிந்த பெயரானது. 2004இல் நெதர்லாந்தின் வெடியோர் அதில் பெரும்பங்கை வாங்கியது. 2008இல் வெடியோரையே ராண்ட்ஸ்டாட் வாங்கியது. டீம்லீஸ், குவெஸ் போன்றவை அதன்பின் வளர்ந்தவை. இந்தப் பெரிய நிறுவனங்களுக்குக் கீழே, இரண்டு அறையும் நான்கு தொலைபேசியுமாக நடக்கும் சிறு கன்சல்டன்சிகள் எண்ணற்றவை. பெரிய ஏஜென்சி தனக்கு வந்த தேவையைச் சிறியதற்குக் கைமாற்றும். சிறியது இன்னும் சிறியதற்கு மாற்றும்.

இதே அமைப்பு கடல் கடந்தும் வேலை செய்தது. 2000ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இந்தியக் கணினிப் பொறியாளர்களை அனுப்பிய ஏஜென்சிகளின் வழிமுறையை மானுடவியலாளர் சியாங் பியாவ் ஹைதராபாத்திலும் சிட்னியிலும் தங்கி ஆராய்ந்தார். அதைப் பற்றிய அவருடைய நூல் 2007இல் வந்தது. ‘பாடி ஷாப்பிங்’ என்று அந்தத் தொழிலில் இருப்பவர்களே அழைத்த முறை அது. வேலை இருக்கும்போது ஆளை அனுப்பு, இல்லாதபோது காத்திருக்க வை என்பதே அதன் அடிப்படை.

காத்திருக்கும் அந்தக் காலத்துக்குத்தான் ‘பென்ச்’ என்று பெயர். ஒரு புராஜெக்ட் முடிந்து அடுத்தது வரும்வரை ஊழியர் சும்மா இருக்கும் நாட்கள். பெரிய ஐ.டி. நிறுவனத்தின் நிரந்தர ஊழியருக்கு பென்ச்சிலும் சம்பளம் உண்டு. அந்தச் செலவை நிறுவனம் ஏற்கிறது. எச்-1பி விசாவில் அமெரிக்கா சென்றவருக்கும் வேலை இல்லாத நாட்களில் சம்பளத்தை நிறுத்தக் கூடாது என்று அந்நாட்டுச் சட்டம் 1998இலேயே சொல்லிவிட்டது. 2001இல் டாட்காம் சரிவு வந்தபோது பல ஏஜென்சிகள் அதை மீறின என்பது வேறு விஷயம். இந்தியாவில் ஏஜென்சியின் வழியாக வேலை பார்ப்பவருக்கு இப்படி ஒரு பாதுகாப்பு எழுத்தில் இல்லை. புராஜெக்ட் முடிந்த அன்றே பல ஒப்பந்தங்கள் முடிந்துவிடுகின்றன. அதன்பின் அந்த இளைஞர் சோழிங்கநல்லூர் பி.ஜி. அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறுகிறார். அவருக்குச் சோறு போடுவது அப்பாவின் நெல்லும் அம்மாவின் மாடும். ஒரு பன்னாட்டு நிறுவனம் தன் கணக்கில் எழுதியிருக்க வேண்டிய பென்ச் செலவை உத்திரமேரூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்கிறது. கான்ட்ராக்ட் முறை நிறுவனங்களுக்கு மலிவாக இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். எந்த ஆண்டறிக்கையிலும் இந்தச் செலவு இடம்பெறுவதில்லை.

மந்தம் இத்துறைக்குப் புதிதல்ல. 2001 டாட்காம் சரிவு, 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வீழ்ந்தபின் வந்த நிதி நெருக்கடி, 2020 கொரோனா முடக்கம் என்று மூன்றை அது பார்த்துவிட்டது. கொரோனாவுக்குப் பின் 2021, 2022இல் ஆட்களை அள்ளி எடுத்த நிறுவனங்கள், அமெரிக்க வட்டி விகிதம் ஏறி வாடிக்கையாளர்கள் கையை இறுக்கிக்கொண்டதும் நிறுத்தின. 2023–24 நிதியாண்டில் டி.சி.எஸ். ஊழியர் எண்ணிக்கை 13,249 குறைந்தது. இன்ஃபோசிஸில் 25,994 குறைந்தது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் 2 சதவீதத்தை, அதாவது சுமார் 12,000 பேரை நீக்கப்போவதாக அறிவித்தது. இவை செய்தியாகின. கான்ட்ராக்ட் ஊழியர்கள் நீக்கப்படும்போது அது செய்தியாவதில்லை. அவர்கள் நிறுவனத்தின் ஊழியர் கணக்கில் இல்லாததால், அவர்களைக் குறைப்பது ஆட்குறைப்பு என்ற பெயரையே பெறுவதில்லை. ‘ராம்ப் டவுன்’ என்ற சொல்லோடு ஒரு மின்னஞ்சல் ஏஜென்சிக்குப் போகும். ஏஜென்சி அதை ஊழியருக்கு அனுப்பும். வேலை சுருங்கும்போது முதலில் போவது இவர்கள்தான் என்பதும், சுருங்கியது வெளியே கடைசியாகத் தெரிவதும் இவர்கள் விஷயத்தில்தான் என்பதும் இந்த அமைப்பின் வடிவத்திலேயே இருக்கிறது.

காஞ்சிபுரம் மாவட்டம் இதைத் தொழிற்சாலையில் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. விருப்ப ஓய்வுத் தொகை நிரந்தரத் தொழிலாளர்களோடுதான் பேசப்பட்டது. பேச்சுவார்த்தை மேசையில் இடம் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் இடையிலுள்ள தூரம் அங்கே கண்ணெதிரே தெரிந்தது. ஐ.டி.யில் அந்தத் தூரம் குளிர்சாதன அறைக்குள் மறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மந்தத்தின் பாரம் சங்கிலியில் எப்படி இறங்குகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் பார்க்கலாம். ஒருவருக்காகக் கிளையன்ட் மாதம் 1,20,000 ரூபாய் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஏஜென்சி 18,000 எடுத்துக்கொண்டு 1,02,000ஐ அடுத்த ஏஜென்சிக்குத் தருகிறது. அது 17,000 எடுத்துக்கொள்ள, வேலை செய்பவருக்கு 85,000 சேர்கிறது. மந்தம் வந்ததும் கிளையன்ட் எல்லா விலைகளிலும் 10 சதவீதம் குறைக்கச் சொல்கிறது. அதாவது 12,000 ரூபாய். மூவரும் விகிதப்படி பகிர்ந்தால் வேலை செய்பவருக்கு 8,500 குறையும். ஆனால் இரண்டு ஏஜென்சிகளும் தங்கள் பங்கை விட மறுத்தால் முழு 12,000மும் அவர் தலையில் விழுகிறது. அவருடைய வருமானம் 85,000இலிருந்து 73,000 ஆகிறது. மேலே 10 சதவீதமாக இருந்த வெட்டு கீழே 14 சதவீதமாகிவிட்டது. இடையில் கைகள் கூடக்கூட இந்த விகிதம் இன்னும் மோசமாகும்.

இதை எதிர்த்துப் பேச முடியாததற்குக் காரணம், மேலே எவ்வளவு வருகிறது என்பது கீழே இருப்பவருக்குத் தெரியாததுதான். ஏஜென்சிக்கு இரண்டு விலையும் தெரியும். கிளையன்டுக்கு ஒன்று தெரியும். ஊழியருக்கு இன்னொன்று தெரியும். பில்லிங் ரேட்டைக் கேட்பதே தவறு என்பதுபோல் ஏஜென்சிகள் நடந்துகொள்கின்றன. கணக்குக் கேட்பது இந்த வட்டத்துக்குப் புதிதல்ல. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறைக்காக நாடெங்கும் பேசப்படும் அந்தக் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி தேர்வுக்குத் தகுதியற்றவர் என்கிறது. பிறர் பணம் தன் கை வழியாகப் போகிறவர் கணக்குக் காட்டத்தான் வேண்டும் என்பது இந்த ஊருக்கு ஆயிரம் ஆண்டுகளாகத் தெரிந்த நியாயம். ஏஜென்சித் தொழிலுக்கு மட்டும் அது பொருந்தாது என்று சொல்ல நல்ல காரணம் எதுவும் இல்லை. முழுக் கணக்கும் கிடைக்காவிட்டாலும், கிளையன்டுக்கும் தனக்கும் நடுவில் எத்தனை ஏஜென்சிகள் என்ற ஒரு கேள்வியையாவது சேரும் முன் கேட்டுவிடலாம். அதற்கான பதிலிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

ஏஜென்சிகளின் பக்கமும் ஓர் உண்மையான நெருக்கடி உண்டு. ஊழியருக்குச் சம்பளம் மாதத் தொடக்கத்தில் தர வேண்டும். கிளையன்டிடமிருந்து பணம் வருவதோ பில் போட்டு 45, 60, சில இடங்களில் 90 நாட்கள் கழித்து. நடுவிலுள்ள மாதங்களை ஏஜென்சி கடன் வாங்கி ஓட்டுகிறது. பத்துப் பேரை வைத்திருக்கும் சிறு கன்சல்டன்சிக்கு மூன்று மாதச் சம்பளம் என்பது பெரிய தொகை. மந்தக் காலத்தில் கிளையன்டுகள் தவணையை இன்னும் நீட்டும்போது வங்கிகளும் கடனை இறுக்குகின்றன. அப்போதுதான் ‘கிளையன்ட் பேமென்ட் வரவில்லை, வந்ததும் போட்டுவிடுகிறோம்’ என்ற பதில் வரத் தொடங்குகிறது. முதல் மாதம் ஐந்து நாள் தாமதம், அடுத்த மாதம் இருபது நாள், பிறகு தொலைபேசியை எடுப்பதில்லை. இந்த வரிசையில் இரண்டாவது படியிலேயே விழித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது மாதமும் வேலை செய்துகொண்டே இருப்பவர், கிளையன்டின் தொழிலுக்குத் தன் கையிலிருந்து வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

பணம் வராவிட்டால் தரமாட்டோம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்கும் ஏஜென்சிகளும் உண்டு. பிரிட்டனில் 2003இல் வந்த விதிகள் இதைத் தடுக்கின்றன: வாடிக்கையாளர் பணம் தரவில்லை என்பதைக் காரணம் காட்டி ஏஜென்சி வேலையாளின் பணத்தை நிறுத்தக் கூடாது. சொந்தமாக லிமிடெட் கம்பெனி வைத்து வேலை செய்பவர் கையெழுத்திட்டு இந்தப் பாதுகாப்பிலிருந்து விலகிக்கொள்ளவும் அங்கே வழி உண்டு. ஏஜென்சிகள் நீட்டும் தாள்களில் அந்த விலகல் படிவமும் சேர்ந்திருப்பது வழக்கம் என்பதால் லண்டனில் கான்ட்ராக்ட் செய்யும் தமிழர்களும் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது. நியூயார்க் நகரில் 2017 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், 800 டாலரோ அதற்கு மேலோ பெறும் ஃப்ரீலான்ஸ் வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டும், பணம் தரும் நாள் அதில் குறிக்கப்படாவிட்டால் வேலை முடிந்து 30 நாளுக்குள் தர வேண்டும் என்கிறது.

இந்தியாவில் சட்டமே இல்லை என்று நினைப்பது தவறு. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை முதலாளியே தர வேண்டும் என்று சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது இந்தக் கடமையும் அவற்றில் தொடர்ந்தது. ஆனால் 20 ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்தால் பொருந்தும் என்றிருந்த பழைய வரம்பு இப்போது 50 ஆகிவிட்டது. சிறு நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு இது இழப்பு. மறுபக்கம், எல்லா ஊழியருக்கும் பணி நியமனக் கடிதம் கட்டாயமாகியிருக்கிறது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கிடைக்க வேண்டும். வேலையை விட்டாலும் நீக்கப்பட்டாலும் சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். ‘ஃபுல் அண்ட் ஃபைனல்’ கணக்கு முடிக்க 45 நாள், 60 நாள் ஆகும் என்று சொல்லிப் பழகிய இத்துறைக்கு இது புதிது. நிறுவனமே நேரடியாகக் குறிப்பிட்ட காலத்துக்கு எடுக்கும் ஊழியருக்கு ஓராண்டு வேலை செய்தாலே பணிக்கொடை உண்டு என்பதும் புதிய தொகுப்பின் நன்மை. ஏஜென்சி வழியாகச் சேர்வதா, அதே வேலைக்கு நேரடிக் காலவரைப் பணியாகக் கேட்பதா என்ற தேர்வு கிடைத்தால் இதை நினைவில் வைக்கலாம்.

இவை எல்லாம் ஊழியர் என்று எழுதப்பட்டவருக்கு. ஃப்ரீலான்ஸராகப் பில் போடுபவருக்கு வேறு வழி இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. மத்திய அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்துகொண்டால் அவரும் ஒரு குறு நிறுவனம். கட்டணம் எதுவும் இல்லை. ஆதாரும் பான் எண்ணும் போதும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி இப்படிப்பட்டவருக்குச் சேர வேண்டிய பணத்தை, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. அதற்கான அரசு இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்தால் அது மாநில அரசின் வசதிக் குழுவுக்குப் போகும். 2023–24 முதல், குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய காலத்தில் பணம் தராதவர் அந்தச் செலவை அந்த ஆண்டின் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்ற விதியும் சேர்ந்திருக்கிறது. பில்லின் தலைப்பில் உத்யம் எண்ணை அச்சிட்டு அனுப்பினாலே சில கணக்குப் பிரிவுகள் வேகமாக அசைவது இதனால்தான்.

பிடித்தங்களையும் பார்க்க வேண்டும். ஃப்ரீலான்ஸருக்குத் தொழில்முறைக் கட்டணம் என்று எழுதினால் வழக்கமாக 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பார்கள். பிடித்ததை அரசுக்குக் கட்டினார்களா என்பது அவருடைய வருமான வரிக் கணக்கின் 26ஏஎஸ் அறிக்கையில் தெரியும். அங்கே இல்லையென்றால் அது வரி ஆகவில்லை, ஏஜென்சியின் பையில் இருக்கிறது. ஆண்டு வருமானம் 20 லட்சத்துக்குக் குறைவான சேவை வணிகருக்கு ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகத் தேவையில்லை. கிளையன்டிடம் ஏஜென்சி வசூலிக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யை இவருடைய தொகையிலிருந்து கழிப்பதற்கு நியாயமே கிடையாது. பேரோலில் இருப்பவர் மாதத்துக்கு ஒருமுறை உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பார்த்துவிட வேண்டும். சம்பளத்தில் பிடித்த பி.எஃப். தொகையைக் கட்டாமல் விடுவது நம்பிக்கை மோசடிக் குற்றம். நொடிந்துகொண்டிருக்கும் ஏஜென்சி முதலில் நிறுத்துவது பெரும்பாலும் அதைத்தான். சம்பளம் ஒழுங்காக வரும்போதே பாஸ்புக்கில் இரண்டு மாதம் காலியாக இருந்தால் அடுத்து என்ன வரும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு, சப்போர்ட் வேலை, தரவுப் பதிவு வேலை பார்க்கும் கிராமத்து இளைஞர்கள் பலர் இந்த வரம்புக்குள் வருகிறார்கள். மருத்துவமனைக்கு மட்டுமானது என்று நினைக்கப்படும் அந்த அட்டையில் வேலையிழப்புக்கும் ஓர் உதவி இருக்கிறது. 2018இல் தொடங்கிய அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டத்தின்படி, நிபந்தனைகள் பொருந்தினால் வேலையிழந்தவருக்குச் சராசரி நாள் கூலியில் 50 சதவீதம் 90 நாட்கள் வரை கிடைக்கும், வாழ்நாளில் ஒருமுறை. திட்டம் அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வருவது. வேலை போனதும் அருகிலுள்ள இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். ஏஜென்சி ஊழியரின் பென்ச் நாட்களுக்கு இந்நாட்டில் கிடைக்கக்கூடிய ஒரே கூலி இதுதான் என்று சொன்னால் பெரிதும் மிகையாகாது.

மந்தம் ஏஜென்சிகளின் நடத்தையையும் மாற்றுகிறது. வேலைகள் குறையும்போது ரெஸ்யூமே வேட்டை கூடுகிறது. கையில் எந்த வேலையும் இல்லாமலே விளம்பரம் போட்டு ரெஸ்யூமேக்களைச் சேர்த்துக்கொள்வார்கள். நாளை ஒரு தேவை வந்தால் முதல் ஆளாகக் கொடுக்கலாம் என்ற கணக்கு. ஒருவருடைய ரெஸ்யூமேயை அவரிடம் கேட்காமலே மூன்று ஏஜென்சிகள் ஒரே கிளையன்டுக்கு அனுப்பிவிட்டால், யாருக்குக் கமிஷன் என்ற தகராறு வேண்டாம் என்று கிளையன்ட் அந்தப் பெயரையே ஒதுக்கிவிடுவதுண்டு. எந்த நிறுவனம், எந்த வேலை என்று எழுதிய மின்னஞ்சல் வந்த பிறகே ‘அனுப்பலாம்’ என்று பதில் எழுதுவதும், யாருக்கு எப்போது சம்மதம் கொடுத்தோம் என்று குறித்துவைப்பதும் இதற்கு மருந்து. ஆதார், பான் நகல்களை இன்டர்வியூவுக்கு முன்பே கேட்பவர்களுக்குத் தர வேண்டிய அவசியம் இல்லை.

நோட்டீஸ் காலத்தில் இன்னொரு அநியாயம் ஒளிந்திருக்கிறது. கிளையன்ட் ஏஜென்சிக்கு 15 அல்லது 30 நாள் அவகாசத்தில் ஒப்பந்தத்தை முடிக்கலாம். ஊழியர் விலகுவதற்கோ 60, 90 நாள் என்று எழுதியிருக்கும். வேலை போகும்போது இரண்டு வாரம், வேறு வேலைக்குப் போகும்போது மூன்று மாதம். இரு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று கேட்பதற்கு ஒரே நேரம் சேரும்போதுதான். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் ஏஜென்சிகளிடம் சேரவே கூடாது. பாண்ட் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் ‘அது கோர்ட்டில் நிற்காது’ என்பதும் பாதிதான் உண்மை. வேலையை விட்டபின் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற தடை 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. ஆனால் குறிப்பிட்ட காலம் வேலை செய்யாவிட்டால் தொகை தர வேண்டும் என்ற நியாயமான பாண்டை, ஒரு பொதுத்துறை வங்கியின் வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. படிக்காமல் கையெழுத்திடுவதற்கு எந்தப் பாண்டும் ஏற்றதல்ல.

பணம் கட்டினால் வேலை என்பவர்கள் தனி இனம். வேலை தேடுபவரிடம் தனியார் ஏஜென்சிகள் கட்டணம் வாங்கக் கூடாது என்பது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கையின் கொள்கை; ஒழுங்கான ஏஜென்சிகள் கிளையன்டிடம் மட்டுமே வாங்குகின்றன. ‘ட்ரெய்னிங் ஃபீஸ்’, ‘செக்யூரிட்டி டெபாசிட்’, ‘பேக்டோர்’ என்று பெயர் மாற்றிக் கேட்டாலும் அது ஒன்றேதான். இதன் மோசமான வடிவம் போலி அனுபவச் சான்றிதழ். இல்லாத நிறுவனத்தில் மூன்று ஆண்டு வேலை பார்த்ததாகக் காகிதம் விற்கிறார்கள். பி.எஃப். வரலாற்றைப் பார்த்துப் பின்னணிச் சோதனை செய்யும் இன்றைய நிறுவனங்களில் அது அகப்பட்டுவிடும். விற்றவர் அப்போது அலுவலகத்தைக் காலி செய்திருப்பார், வாங்கியவரின் பெயர்தான் கெடும். நகையை அடகு வைத்து இந்தப் பணத்தைப் புரட்டும் பெற்றோர் இருக்கிறார்கள் என்பதால் இதைக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

சம்பளம் வராதபோது பேச்சு எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னதை அன்றே மின்னஞ்சலில் ‘இன்று பேசியபடி’ என்று எழுதி அனுப்பிவிட்டால் அது ஆதாரம். வருகைப் பதிவு, கிளையன்ட் ஒப்புதல் தந்த டைம்ஷீட், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் சொந்த மின்னஞ்சலில் வைத்துக்கொள்ள வேண்டும். வேலை போன அன்றே நிறுவனக் கணக்கு மூடப்பட்டுவிடும். கிளையன்டின் ரகசிய ஆவணங்களைத் தொடாமல் தன் சம்பளம், நேரம் தொடர்பானவற்றை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். ஊழியராக இருப்பவர் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். ஏஜென்சியோடு கிளையன்டின் பெயரையும் அதில் சேர்க்க வேண்டும். பி.எஃப். புகாருக்கு அந்த அமைப்பின் குறைதீர் இணையதளம் இருக்கிறது.

ஐ.டி.காரருக்குத் தொழிலாளர் சட்டம் பொருந்தாது என்ற பேச்சுக்கு இப்போது இடமில்லை. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடை இல்லை என்பதைத் தமிழக அரசு 2016இல் தெளிவுபடுத்தியது. 2015இல் டி.சி.எஸ். நீக்கிய ஓர் ஊழியரை மீண்டும் பணியில் சேர்க்கும்படி சென்னைத் தொழிலாளர் நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. அவர் செய்தது திறன்சார்ந்த தொழில்நுட்ப வேலை, நிர்வாக வேலை அல்ல என்று அது முடிவு செய்தது. ஏழு ஆண்டுகள் ஆயின என்பது வருத்தம். ஆனாலும் பதவிப் பெயரில் ‘மேனேஜர்’ என்ற சொல் ஒட்டியிருந்தால் சட்டம் விலகிப்போகும் என்ற எண்ணத்தை அது உடைத்தது. சென்னையில் ஐ.டி. ஊழியர் சங்கங்கள் இயங்குகின்றன; கான்ட்ராக்ட் ஊழியர்களும் அவற்றை அணுகலாம்.

உள்ளூரில் வேலை வறண்ட காலத்தில் வெளிநாட்டு ஏஜென்ட்டுகள் ஊருக்குள் வருகிறார்கள். 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை, கை நிறையச் சம்பளம் என்று ஐ.டி. தெரிந்த இளைஞர்களை அழைத்துச் சென்று, எல்லை கடத்தி மியான்மரின் மியாவாடியில் அடைத்து, இணைய மோசடி செய்ய வைத்தார்கள். அப்படிச் சிக்கியவர்களில் தமிழர்களும் இருந்தார்கள்; அந்த ஆண்டு அக்டோபரில் சிலர் மீட்கப்பட்டுச் சென்னைக்கு வந்தார்கள். பத்தாம் வகுப்பு தேறியவருடைய பாஸ்போர்ட்டுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை என்பதால், பட்டதாரி ஒருவர் சுற்றுலா விசாவில் வேலைக்குப் புறப்படும்போது அந்தச் சோதனை அவரைத் தடுப்பதில்லை. அதனால் சோதனையை அவரே செய்துகொள்ள வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்றவர்களின் பட்டியல் இ-மைக்ரேட் இணையதளத்தில் தேடக் கிடைக்கிறது. அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும்தான், அதற்கும் ரசீது தர வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாதவரும், சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவரும், லட்சக் கணக்கில் கேட்பவரும் என்ன சொன்னாலும் பாஸ்போர்ட்டை அவர் கையில் கொடுக்கக் கூடாது.